ப்ராசஸர் சூடும் ஃபேன் சத்தமும்: ஒரு எண்பது வருஷக் கதை

போன ஏப்ரல்ல ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு மதுரையில் இருந்து என் சித்தி பையன் ஃபோன் பண்ணான். "அண்ணா, கேம் ஓப்பன் பண்ணாலே பிளேன் கிளம்புற மாதிரி சத்தம் வருது. டெம்பரேச்சர் 98 காட்டுது. கடையில காமிச்சேன், ப்ராசஸர் வீக் ஆயிடுச்சாம். போர்டோட சேர்த்து மாத்தணுமாம், 32,000 ரூபா ஆகுமாம்" அப்படின்னான்.

அந்த கம்ப்யூட்டரை சித்தப்பா தவணையில வாங்கிக் கொடுத்தார். வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆச்சு, இன்னும் 5 தவணை பாக்கி. அந்த நேரத்துல 32,000 ரூபாயை அவர்கிட்ட எப்படிக் கேட்கிறதுன்னு பையனுக்குப் பயம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டேய், பயாஸ்ல போய் ஃபேனை ஃபுல் ஸ்பீடுல வைடா" அப்படின்னேன். பத்து நிமிஷத்துல மெசேஜ் வந்தது. 98 டிகிரி 96 ஆச்சாம். அடுத்த ரூம்ல சித்தி, "ராத்திரி நேரத்துல யாருடா மிக்ஸி போடுறது"ன்னு எழுந்து வந்துட்டாங்களாம்.

நான் எட்டு வருஷமா சாஃப்ட்வேர்ல இருக்கேன். எனக்குத் தோணினதும் "சூடா இருக்கா, ஃபேனைக் கூட்டு" அப்படிங்கிற யோசனைதான். அது ஏன் வேலை செய்யலன்னு புரிய எனக்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்பட்டது. இந்த எபிசோட் அந்த வரலாறுதான். கடைசியில மதுரை கம்ப்யூட்டர் என்ன ஆச்சுன்னும் சொல்றேன்.

அறை முழுக்க அடுப்பு

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். மிக்ஸிக்குப் போற மின்சாரத்தில் ஒரு பகுதி மாவை அரைக்கிற வேலையா மாறுது. ப்ராசஸருக்குப் போற மின்சாரம் அப்படி இல்ல. அது செய்யற கணக்கெல்லாம் முடிஞ்ச பிறகு, உள்ளே போன மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க வெப்பமாத்தான் வெளியே வரும். 100 வாட் உள்ளே போனா, 100 வாட் சூடு வெளியே வந்தாகணும். இதுல எந்த கம்பெனியாலும் தப்பிக்க முடியாது.

1946-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டினார்கள். அதில் கிட்டத்தட்ட 18,000 வால்வுகள். பழைய ரேடியோவில் ஆரஞ்சு நிறத்தில் எரியுமே, அதே மாதிரி கண்ணாடி வால்வுகள்தான். மொத்தமா சுமார் 150 கிலோவாட் மின்சாரம். அதாவது 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 150-ஐ ஒரே ஹாலில் ஆன் பண்ணி வெச்ச மாதிரி. அதனால் பெரிய ஊதுவிசிறிகள் வெச்சு அலமாரிகளுக்குள்ளே காற்றைத் தள்ளினார்கள். வெப்பம் எல்லை தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டும் இருந்தது. இன்னைக்கு உங்க கேமிங் பிசி சூடு தாங்காம தானே ஆஃப் ஆகுது இல்லையா, அந்த ஏற்பாடு எனியாக்கிலேயே இருந்தது.

அதுக்கப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது, சில்லுகள் வந்தன, பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைப்போம். தீரல. 1976-ல் சைமூர் க்ரே வடிவமைத்த க்ரே-1 சூப்பர் கம்ப்யூட்டர் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அது வேகமா ஓட உள்ளே இருக்கிற வயர்கள் குட்டையா இருக்கணும். வயர் குட்டையா இருக்கணும்னா எல்லாத்தையும் நெருக்கி அடுக்கணும். நெருக்கி அடுக்கினா சூடு. 100 கிலோவாட்டுக்கு மேல எடுத்த அந்த மெஷினுக்கு வெறும் காற்று பத்தல. அதனால் சர்க்யூட் போர்டுகளை செப்புத் தகடுகளில் பொருத்தி, அந்தத் தகடுகளின் சூட்டை ஃப்ரியான் ஓடும் குழாய்களுக்குக் கடத்தினார்கள். நம்ம வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த வாயுக் குடும்பம்தான் அது. 1985-ல் வந்த க்ரே-2-ல் இன்னும் ஒரு படி மேலே போய், மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள்ளே போர்டுகளை அப்படியே மூழ்கடித்துவிட்டார்கள்.

இங்க ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. சூடு ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குக் கைமாறிப் போகுது. சில்லு, செப்புத் தகடு, குழாய், வெளியுலகம். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மிச்சம் எல்லாம் வீண்.

ஃபேனே வேண்டாம் என்றவர்

வீட்டுக் கம்ப்யூட்டர் கதை ஆரம்பத்தில் ரொம்ப அமைதியானது. 1971-ல் வந்த இன்டெல் 4004-ல் 2,300 டிரான்சிஸ்டர்தான். அதுக்கு ஃபேன் தேவையே இல்லை. 1977-ல் ஆப்பிள் II ஃபேன் இல்லாமலே விற்பனைக்கு வந்தது. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஃபேன் சத்தம் சுத்தமா பிடிக்காது. மேஜை மேல இருக்கிற பொருள் சத்தம் போடக் கூடாதுங்கிறது அவர் கட்சி.

அந்தப் பிடிவாதம் 1980-ல் ஆப்பிள் III-ல் இடித்தது. அதிலும் ஃபேன் இல்லை. சில்லுகள் சாக்கெட்டில் இருந்து தளர்ந்து வெளியே வந்தன. சூடும் ஆறலும் மாறி மாறி வந்ததுதான் காரணம்னு பரவலா சொல்லப்பட்டது. அதுக்குச் சொல்லப்பட்ட வைத்தியம் இன்னைக்கும் பிரபலம்: கம்ப்யூட்டரை மேஜையில் இருந்து சில அங்குலம் தூக்கி, தொப்புனு கீழே போடுங்க, சில்லுகள் மறுபடி உட்கார்ந்துக்கும்! ஆனாலும் 1984-ல் மெக்கின்டாஷ் மறுபடி ஃபேன் இல்லாமல்தான் வந்தது. அதன் தலையில் உட்கார வைக்க வேற கம்பெனிகள் ஃபேன் தயாரிச்சு வித்தன.

ஜாப்ஸை கிண்டல் பண்றது சுலபம். ஆனா சத்தம் ஒரு குறைதான்னு அவர் நினைச்சது தப்பில்ல. அவர் விட்ட இடம் வேற. சத்தத்தை நிறுத்தினா சூடு போக வேற வழி வேணும். அந்த வழியைக் கொடுக்காம ஃபேனை மட்டும் எடுக்க முடியாது. நான் மதுரைக்குச் சொன்ன வைத்தியம் இதோட மறுபக்கம். வழி அடைபட்டிருக்கும்போது ஃபேனை மட்டும் கூட்டினேன்.

ஓசியில் கிடைத்த முப்பது வருஷம்

1993-ல் பென்டியம் வந்தது. 60, 66 மெகாஹெர்ட்ஸ். 5 வோல்ட்டில் ஓடிய 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் அதிகபட்சமா 16 வாட் எடுத்தது. இன்னைக்கு நமக்கு சிரிப்பு வரும், ஆனா அன்னைக்கு அது அடுப்பு. அதுக்கு மேல ஹீட் சிங்க்கும் குட்டி ஃபேனும் வைக்க வேண்டியதாச்சு. பல வீடுகளில் கம்ப்யூட்டர்னா 'விர்ர்ர்'னு ஒரு சத்தம் என்ற பழக்கம் அந்தக் காலத்தில்தான் வந்தது.

ஆனா அடுத்த வருஷம் நடந்ததுதான் சுவாரஸ்யம். 1994-ல் 100 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் வந்தது. வேகம் ஒன்றரை மடங்கு. சூடு? சுமார் 10 வாட். வேகம் கூடி சூடு குறைஞ்சிருக்கு! எப்படி? டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கி, 5 வோல்ட்டை 3.3 ஆக்கினார்கள். ப்ராசஸர் எடுக்கும் மின்சாரம் வேகத்தோட நேரா ஏறும், ஆனா வோல்டேஜோட வர்க்கத்தில் ஏறும். வோல்டேஜை மூணுல ரெண்டு பங்காக்கினா சூடு பாதிக்கும் கீழ போயிடும். இந்த ஒரு வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, மதுரையில் தேவைப்படும்.

இதுக்குப் பின்னால இருந்த விதியை 1974-லேயே ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டும் அவர் குழுவும் எழுதிவிட்டார்கள். டிரான்சிஸ்டரைச் சின்னதாக்குங்க, அதே விகிதத்தில் வோல்டேஜையும் குறைங்க, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு வரும் சூடு மாறவே மாறாது. அதாவது ஒவ்வொரு தலைமுறையிலும் அதிக டிரான்சிஸ்டர், அதிக வேகம், அதே சூடு. கிட்டத்தட்ட முப்பது வருஷம் கம்ப்யூட்டர் உலகம் இந்த ஓசிச் சாப்பாட்டில் ஓடியது.

2004: சுவரில் முட்டிய வருஷம்

ஆனா வோல்டேஜைக் குறைச்சுக்கிட்டே போக முடியாது. ஒரு வோல்ட் பக்கத்தில் வந்ததும் டிரான்சிஸ்டர் சரியா 'ஆஃப்' ஆக மறுக்கும். மூடின குழாய் சொட்டுற மாதிரி மின்சாரம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். கசிவும் சூடுதான்.

2001-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டில் இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் எச்சரித்தார். இப்படியே போனா சிப்பின் வெப்ப அடர்த்தி அணு உலையைத் தொடும், அப்புறம் ராக்கெட் வாயைத் தொடும், அதுக்கப்புறம் சூரியனின் மேற்பரப்பைத் தொடும் என்றார். அதே வருஷம் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு வீடியோ போட்டது. கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஹீட் சிங்க்கைக் கழற்றினார்கள். ஏஎம்டி அத்லான் புகை விட்டு எரிஞ்சு போச்சு. பென்டியம் 4 மட்டும் குவேக் III கேமை ஆமை வேகத்தில் ஓட்டிக்கிட்டே உயிரோட இருந்தது. ஹீட் சிங்க்கைத் திரும்ப வெச்சதும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. தன் சூட்டைத் தானே அளந்து, வேகத்தைக் குறைச்சுத் தப்பிக்கிற அந்த வித்தை இன்னைக்கு எல்லா ப்ராசஸரிலும் இருக்கு. அதனால் இப்போ சூட்டுல ப்ராசஸர் கருகிப் போறது ரொம்ப அபூர்வம். கேம் திணறும், அவ்வளவுதான். "98 டிகிரி காட்டுது, அதனால ப்ராசஸர் போச்சு" அப்படிங்கிறது அப்பவே சந்தேகப்பட வேண்டிய வாக்கியம்.

ஃபேன் பக்கமும் நிலைமை முத்தியது. 2003-ல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா போட்ட சத்தத்துக்கு, கையில் பிடிக்கிற தூசி உறிஞ்சும் மெஷினின் பெயரையே பட்டப் பெயரா வெச்சார்கள். என்விடியாவே தன்னைக் கிண்டல் பண்ணி, அந்தக் கார்டை ஹேர் டிரையரா உபயோகிக்கிற மாதிரி ஒரு வீடியோ எடுத்தது.

பிறகு 2004. பென்டியம் 4-ன் புதிய 'ப்ரெஸ்காட்' சிப் பிப்ரவரியில் வந்தது. டிரான்சிஸ்டர் சின்னதாச்சு, விதிப்படி சூடு குறையணும். கூடியது. 100 வாட்டைத் தாண்டியது. மே மாதம் அதன் வாரிசுத் திட்டமான 'தேஹாஸ்' கைவிடப்பட்டது. அக்டோபரில் 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ம் ரத்து. ஒரு மாநாட்டு மேடையில் இன்டெல் தலைவர் க்ரெய்க் பாரெட் பாதி விளையாட்டா மண்டியிட்டு மன்னிப்பு கேட்டார். ஒரு காலத்தில் 10 ஜிகாஹெர்ட்ஸ் கனவு கண்ட கம்பெனி அது.

ஒரு சின்னக் கணக்கு. 1993-ல் 66 மெகாஹெர்ட்ஸ், 2002-ல் 3.06 ஜிகாஹெர்ட்ஸ். ஒன்பது வருஷத்தில் 46 மடங்கு. 2023-ல் 6 ஜிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் வந்தது. இருபது வருஷத்தில் இரண்டு மடங்குகூட முழுசா இல்லை. நடுவில் நின்ற சுவர், சூடு. டூயல் கோர், குவாட் கோர் என்று எண்ணிக்கை ஏறியதுக்கும் முக்கியக் காரணம் இதுதான். ஒருத்தனை இன்னும் வேகமா ஓட வைக்க முடியல, அதனால நாலு பேரைச் சேர்த்தார்கள். 2006-ல் வந்த கோர் 2 டுவோ 65 வாட்டில் ஓடி, 100 வாட்டைத் தாண்டிய பென்டியம்களை ஜெயித்தது.

95 டிகிரி, நோய் இல்லை

இன்னைய ப்ராசஸர்கள் சுவர் வரைக்கும் போய் அதில் சாய்ந்துக்கிட்டே ஓடுகிற ரகம். சூட்டுக்கு இடம் இருந்தா இன்னும் வேகமா ஓடும், இல்லன்னா குறைக்கும். 2022-ல் ரைசன் 7000 வந்தபோது, கடும் வேலையில் 95 டிகிரி வரை போறது வடிவமைப்பிலேயே இருக்கிறதுதான்னு ஏஎம்டி சொன்னது. கட்டை விரல் நகத்தை விடச் சின்ன சில்லில் 100 வாட் எரியுது. இஸ்திரிப் பெட்டி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து வாட் அளவுதான். இது அதைவிட இருபது மடங்கு.

அப்போ எது நோய்? வேகம் விழுறது. வேலையே செய்யாதபோது ஃபேன் கத்துறது. முன்னாடி இல்லாதது இப்போ வர்றது. வோல்டேஜ் விஷயமும் முக்கியம். இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் சில, தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டுத் தங்களையே கெடுத்துக்கிட்டன. 2024-ல் அதுக்குத் திருத்தம் வந்தது, உத்தரவாதத்தையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். அந்த வகை ப்ராசஸர் வெச்சிருந்தா பயாஸ் அப்டேட் பண்ணியாச்சான்னு இன்னைக்கே பாருங்க.

மறுபடி மதுரை

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிட்டேன். போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, ஃபோன்லயே கேட்டிருக்க வேண்டியது: "எப்போல இருந்துடா?" யோசிச்சுச் சொன்னான், "மார்ச்ல வீடு மாறினோம்ல அண்ணா, அதுக்கப்புறம்தான்." கடைக்காரர் இதைக் கேட்கல. நானும் கேட்கல.

கேம் ஓட விட்டு, கேபினெட் பின்னாடி கையை வெச்சேன். ப்ராசஸர் 98, ஆனா வெளியே வர்ற காற்று சும்மா வெதுவெதுன்னு இருந்தது. இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், நீங்களும் பண்ணலாம். ப்ராசஸரும் சூடு, வெளியே வர்ற காற்றும் நல்ல சூடுன்னா, சூடு ஃபின் வரைக்கும் வந்து சேருது. தூசி, காற்றோட்டம், ரூம் சூடு, இதைப் பாருங்க. ப்ராசஸர் கொதிக்குது, காற்று மட்டும் சூடில்லைன்னா சூடு நடுவிலேயே சிக்கிக்கிச்சு. கூலர் சரியா உட்காரல, பேஸ்ட் காஞ்சு போச்சு, தண்ணிக் கூலரா இருந்தா பம்ப் நின்னு போச்சு, இதுல ஏதோ ஒண்ணு.

கரண்ட் ஒயரைப் பிடுங்கிட்டுத் திறந்தோம். கூலரைப் பிடிச்சிருக்கிற நாலு பின்னில் ஒண்ணு எழும்பி நின்னது. வீடு மாறும்போது வேன்ல ஆடின ஆட்டத்தில் வெளியே வந்திருக்கணும். கூலர் ஒரு பக்கம் தூக்கி, ப்ராசஸருக்கும் அதுக்கும் நடுவில் காற்று புகுந்திருந்தது. க்ரே-1-ல செப்புத் தகடு விலகின மாதிரி. இதுக்கு மேல ஃபேனை எவ்வளவு வேகமா சுத்தினாலும், ஃபின்னுக்கு வராத சூட்டை அது எப்படி எடுத்துட்டுப் போகும்?

பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, பட்டாணி அளவு புது பேஸ்ட் வெச்சு, எதிரெதிர் மூலையா பின்களை அழுத்தினோம். மொட்டை மாடியில் தூசி ஊதினோம். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடிச்சுக்கணும், தாறுமாறா சுத்தினா பேரிங் கெடும். புது வீட்டில் கேபினெட்டை மேஜைக்கடியில் கதவு போட்ட அலமாரிக்குள்ள வெச்சிருந்தாங்க. தான் விட்ட சூட்டுக் காற்றையே திரும்ப இழுத்துக்கிட்டு இருந்தது. வெளியே எடுத்தோம். பிறகு பயாஸில் பவர் அளவையும் வோல்டேஜையும் கொஞ்சம் குறைச்சோம். 1994 பென்டியம் ஞாபகம் இருக்கா? அதே கணக்குதான். கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியல.

கடைசியாத்தான் ஃபேன். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா காற்றும் பாதியாகும், ஆனா சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும், காதுக்கு மூணுல ஒரு பங்கா கேட்கும். அதனால மெதுவா சுத்துற பெரிய ஃபேன்தான் எப்பவும் லாபம். ஒரு நொடி சூடு ஏறினதும் ஃபேன் பதறாம, சில நொடி பொறுத்து வேகம் ஏத்துற மாதிரி செட்டிங்கையும் மாத்தினோம்.

ரூம் 33 டிகிரி. அதே கேம், அரை மணி நேரம். 78-ல் நின்னது. காற்றுக் கூலர் எதுவும் ரூம் சூட்டுக்குக் கீழே கொண்டு போகாது, அதனால ஏசி ரூம்ல வெளிநாட்டுக்காரர் காட்டுற 65-ஐப் பார்த்து ஏங்காதீங்க. மொத்தச் செலவு பேஸ்ட்டும் ஆல்கஹாலும் சேர்த்து 600 ரூபாய்க்குள்ள. சித்தப்பா கடைசி வரைக்கும் அந்த 32,000 பத்திக் கேள்விப்படவே இல்லை. கேம் ஓடும்போதே சித்தி எட்டிப் பார்த்து, "என்னடா, மெஷினை ஆஃப் பண்ணிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க.

உங்க வீட்டு கம்ப்யூட்டரும் கத்துதுன்னா, கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி "எப்போல இருந்து?"ன்னு ஒரு தடவை கேளுங்க, பின்னாடி ஒரு கையை வெச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.